கையெழுத்துக்கு மேலே இருக்கும் இங்கிலீஷ்

தெஹியோவிட்ட, தெரணியகல, யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. லயத்தில் யாராவது ஒரு பிள்ளை ஓ.எல். பரீட்சையில் இங்கிலீஷ் பாஸ் பண்ணிவிட்டால், அந்த லயத்துக்கே கடிதம் எழுதுவது அந்தப் பிள்ளையின் வேலையாகிவிடும். பக்கத்து வீட்டு மாமாவின் சேமலாப நிதி, எதிர்வீட்டுப் பாட்டியின் அடையாள அட்டை, அத்தை மகளின் வேலை விண்ணப்பம் என எல்லாம் அதன் கைக்கு வரும். இரத்தினபுரிப் பக்கம் கஹவத்தை, இறக்குவானை, பலாங்கொடையிலும் இப்படித்தான். அந்தப் பிள்ளைகள் எழுதியதைப் படம் பிடித்து எனக்கு அனுப்புவார்கள். கூடவே ஒரு வரி: “அக்கா, இங்கிலீஷ் சரியான்னு பார்த்துச் சொல்லுங்க.”

இலக்கணத்தைப் பார்த்துச் சொல்வது பெரிய விஷயம் இல்லை. என்னைக் கவலைப்பட வைப்பது வேறு. ‘ஹியர்பை’, ‘வித்தவுட் ப்ரெஜுடிஸ்’, ‘ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்’, ‘வன் அண்ட் த சேம் பெர்சன்’ போன்ற கனமான தொடர்களைக் கடிதத்துக்கு ஒரு மதிப்பு வரட்டும் என்று போடுகிறார்கள். எங்கேயோ பார்த்த ஒரு பழைய கடிதத்திலிருந்து அப்படியே இறக்குகிறார்கள். இந்தத் தொடர்கள் ஒவ்வொன்றும் ஒரு வேலை செய்பவை. கையெழுத்துப் போடுகிற ஆளை ஒரு உண்மைக்கோ ஒரு பொறுப்புக்கோ கட்டிவைப்பவை. எந்த உண்மைக்கு என்று தெரியாமல் அவற்றை எழுதக்கூடாது. இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஆனால் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் தோட்டங்களில் அதிகம் தேவைப்படும் தொடரிலிருந்தே ஆரம்பிக்கிறேன்: ‘வன் அண்ட் த சேம் பெர்சன்’. இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று சத்தியக்கடதாசியில் சொல்லும் வரி அது. தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெறுகிறவர்களில் இது தேவைப்படாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காரணம் எல்லோருக்கும் தெரியும். பிறந்தபோது பெயரைக் காதால் கேட்டு ஒருவர் பதிந்தார். பேர் பதியும்போது செக்ரோலில் கிளாக்கர் தன் பாணியில் எழுதினார். அடையாள அட்டைக்காகச் சிங்களத்தில் எழுதியபோது இன்னொரு எழுத்து மாறியது. சேமலாப நிதிக்கு இங்கிலீஷில் போனபோது வேறொன்று மாறியது. லெட்சுமி என்ற ஒரே பெண் ஒரு கடதாசியில் லெச்சிமி, இன்னொன்றில் லக்ஷ்மி, மூன்றாவதில் தகப்பன் பெயரை முன்னால் வைத்து பெருமாள் லெட்சுமி. முப்பது வருடம் கொழுந்து எடுத்த காசை வாங்கப் போகும்போது, இவர்கள் எல்லோரும் நீங்கள்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்கிறார்கள்.

அந்த நேரத்தில் பிள்ளைகள் எழுதித் தரும் சத்தியக்கடதாசியில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: என் பெயர் சேமலாப நிதியில் பிழையாக எழுதப்பட்டிருக்கிறது, இரண்டும் ‘வன் அண்ட் த சேம் பெர்சன்’. பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த இரண்டு? எந்தக் கடதாசியில்? அந்தத் தொடர் நிற்க வேண்டுமானால் அதற்கு முன்னால் ஒவ்வொரு பெயரையும் எழுத்துக்கு எழுத்து, அந்தந்த ஆவணத்தில் இருக்கிறபடியே எழுத வேண்டும். பிறப்புச் சான்றிதழின் இலக்கமும் திகதியும், அடையாள அட்டை இலக்கம், சேமலாப நிதி உறுப்பினர் இலக்கம், தோட்டத்தின் பெயர் எல்லாம் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வர வேண்டும். கல்யாணச் சான்றிதழில் நாலாவது வடிவம் ஒன்று இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான், மேலே சொன்ன பெயர்கள் எல்லாம் என் ஒருத்தியையே குறிக்கின்றன என்ற வரி. ஒரு வடிவத்தை விட்டுவிட்டால், அந்த வடிவம் வேறொரு கந்தோரில் மறுபடி முளைக்கும். அப்போது இன்னொரு சத்தியக்கடதாசி, இன்னொரு நாள் சம்பளம் போகும்.

‘பிழையாக எழுதப்பட்டிருக்கிறது’ என்று எழுதுவதிலும் கவனம் வேண்டும். உங்கள் பாட்டிக்கு எது சரியான பெயர் என்று நீங்கள் நினைப்பது ஒரு பக்கம். பிறப்புச் சான்றிதழில் இருப்பதே பிழையான வடிவமாகவும் இருக்கலாம். எது பிழை என்று தீர்ப்புச் சொல்லாமல், இந்த ஆவணத்தில் இப்படி இருக்கிறது, அந்த ஆவணத்தில் அப்படி இருக்கிறது, இரண்டும் நான்தான் என்று சொன்னால் போதும்.

இனி அந்தக் கடதாசியின் தலைப்பக்கத்துக்கு வருவோம். நம் நாட்டில் இந்துவாகவோ பௌத்தராகவோ முஸ்லிமாகவோ இருப்பவர் வழக்கமாகச் செய்வது உறுதிமொழி. அதற்கான வாசகம் ‘சோலம்லி, சின்சியர்லி அண்ட் ட்ரூலி டிக்ளேர் அண்ட் அஃபேர்ம்’ என்று வரும். கிறிஸ்தவர் செய்வது சத்தியம். அவருக்கு ‘மேக் ஓத் அண்ட் ஸ்டேட்’ என்று வரும். இந்தப் பிரிவு 1895ஆம் ஆண்டின் சத்தியங்கள் பற்றிய கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிறது. நம் லயங்களில் இந்துக் குடும்பமும் வேதக்காரக் குடும்பமும் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இருக்கும், பெயர்களும் ஒன்றுபோலவே இருக்கும். பக்கத்து வீட்டுக் கடதாசியைப் பார்த்து எழுதும்போது ‘பீயிங் எ ஹிண்டு’ என்ற மூன்று சொல்லும் அப்படியே வந்துவிடுகின்றன. அந்தோனியார் படத்துக்கு முன்னால் விளக்கேற்றுகிற ஒரு அம்மா, தான் இந்து என்று சட்டப்படி உறுதி சொன்னவராகிறார். இதைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றங்களில் எதிர்த்தரப்பு ஆட்சேபணை சொன்ன வழக்குகள் உண்டு. தொடக்கத்தில் உறுதிமொழி என்றால் கடைசியிலும் உறுதிமொழி, தொடக்கத்தில் சத்தியம் என்றால் கடைசியிலும் சத்தியம் என்பதை மறக்காதீர்கள்.

கடைசி என்றேன். சத்தியக்கடதாசியின் அடியில், சமாதான நீதவான் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு வாசகம் இருக்கும்: ‘ரெட் ஓவர் அண்ட் எக்ஸ்ப்ளெய்ன்ட்’. மேலே உள்ளதை இவருக்கு வாசித்துக் காட்டி விளக்கினேன், இவர் விளங்கிக்கொண்டு என் முன்னிலையில் கையெழுத்திட்டார் அல்லது பெருவிரல் அடையாளம் வைத்தார் என்று நீதவான் சொல்லும் வாசகம். முழுக் கடதாசியிலும் எனக்குப் பெரியது இதுதான். மேலே இருப்பதெல்லாம் பாட்டி சொல்வது. இது ஒன்றுதான் அதிகாரம் உள்ள ஒருவர் பாட்டிக்காகச் சொல்வது. வாசித்துக் காட்டாமல், விளக்காமல், மேசையில் வரிசையாக அடுக்கிய கடதாசிகளில் முத்திரை குத்திக்கொண்டே போனால் அந்த வாசகம் பொய்யாகிறது. இங்கிலீஷ் சரியாக இருக்கும், எழுத்துப் பிழை ஒன்றும் இருக்காது, ஆனாலும் பொய்.

ஒரு இங்கிலீஷ் தொடருக்கு இவ்வளவு தூரம் கவலைப்பட வேண்டுமா என்று கேட்பவர்கள் ருவன்வெல்லவில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லதான். அவிசாவளையிலிருந்து கேகாலை போகும் பஸ்ஸில் நாம் கடந்துபோகிற அதே டவுன்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த வருடம் நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதை முழுவதும் வாசித்துப் பாருங்கள். இந்தியத் தமிழர் என்ற சொல் எங்கும் இருக்காது. தோட்டம் இருக்காது, தொழிலாளி இருக்காது. இலங்கையில் பிறந்தவரின் தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் பிறந்திருக்க வேண்டும் என்று, எல்லோருக்கும் பொதுவான மொழியில் மிக ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். அடுத்த வருடம் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்றார்கள். அதிலும் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. இரண்டு சட்டமும் சேர்ந்து பிடித்தது மலையகத் தமிழரை.

ருவன்வெல்லத் தொகுதி வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கும்படி கோடகன் பிள்ளை என்பவர் விண்ணப்பித்தார். நீர் பிரஜை இல்லை என்று பதிவு அதிகாரிகள் மறுத்தார்கள். இடாப்பைத் திருத்தும் அதிகாரியாக இருந்த சிவஞானசுந்தரம் அவருடைய கோரிக்கையை ஏற்றார். அதற்கு அவர் நம்பியது சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவை. ஒரு சமூகத்தவருக்கு இல்லாத தடையையோ கட்டுப்பாட்டையோ இன்னொரு சமூகத்தவர் மீது சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக்கூடாது என்பது அந்தப் பிரிவு. இந்தச் சட்டங்கள் அதைத்தான் செய்கின்றன, ஆகவே செல்லாது என்றார் அவர். உதவிப் பதிவு அதிகாரி முதனாயக்க உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1951இல் உயர் நீதிமன்றம் சிவஞானசுந்தரத்தின் முடிவை ரத்துச் செய்தது. சட்டத்தின் சொற்கள் தெளிவாக இருக்கின்றன, அவை எல்லோருக்கும் ஒன்றுபோலப் பொருந்துகின்றன, நடைமுறையில் யாரைத் தாக்குகிறது என்று பார்க்க வேண்டியதில்லை என்ற வழியில் போனது அந்தத் தீர்ப்பு.

கோடகன் பிள்ளை லண்டன் கோமறைக் கழகம் வரை மேன்முறையீடு செய்தார். அவருக்காக வாதாடியவர் டி. என். பிரிட். 1953இல் தீர்ப்பு வந்தது. நேரடியாகச் செய்ய முடியாததைச் சுற்றிவளைத்துச் செய்யும் சட்டமும் செல்லாமல் போகலாம் என்பதைக் கோமறைக் கழகம் ஒப்புக்கொண்டது. உயர் நீதிமன்றத்தைவிட ஒரு படி முன்னால் வந்தது அது. பிறகு ஒரு தொடரைக் கையில் எடுத்தது: ‘பித் அண்ட் சப்ஸ்டன்ஸ்’. சட்டத்தின் சாரம் என்ன, உள்ளே இருக்கும் சரக்கு என்ன என்று பார்ப்பதற்கான தொடர். இதன் சாரம் பிரஜாவுரிமைதான், ஒரு நாடு தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது இயல்பான காரியம், 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்களுக்கு விண்ணப்பிக்க ஒரு வழியும் திறந்திருக்கிறது என்று சொல்லி மேன்முறையீட்டைத் தள்ளிவிட்டது.

அதே தொடர், அதே கோமறைக் கழகம், 1899. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் சீனர்கள் இறங்கி வேலை செய்யக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தது. யூனியன் கொலியரி எதிர் பிரைடன் என்ற வழக்கில் அந்தச் சட்டத்தின் ‘பித் அண்ட் சப்ஸ்டன்ஸ்’ என்ன என்று பார்த்தார்கள். சுரங்கப் பாதுகாப்பு என்ற மேல்பூச்சுக்குக் கீழே இருப்பது சீனர்கள் மீதான தடைதான், அந்த விஷயம் மத்திய அரசுக்குரியது, மாகாணத்துக்கு அதில் அதிகாரம் இல்லை என்று அடித்துவிட்டார்கள். மேல்பூச்சைச் சுரண்டிப் பார்க்க அங்கே பயன்பட்ட தொடர், ஐம்பத்துநாலு வருடம் கழித்து ருவன்வெல்லக்காரருக்குப் பயன்படவில்லை. சட்டக் கேள்வி இரண்டிலும் ஒன்றல்ல என்று வழக்கறிஞர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். இருந்தாலும் சாரத்தைப் பார்க்கிறேன் என்று சொன்னவர்கள், இடாப்பிலிருந்து யாருடைய பெயர்கள் போயின என்பதைச் சாரமாக எடுத்திருக்க வேண்டும். சிவஞானசுந்தரம் கேகாலையில் இருந்துகொண்டு பார்த்தது சரி என்றே நான் நினைக்கிறேன்.

திறந்திருக்கிறது என்று சொன்ன அந்த வழியும் முழுக்க முழுக்கத் தொடர்களால் ஆனது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தில் ‘பர்மனன்ட்லி செட்டில்ட்’, அதாவது நிரந்தரமாகக் குடியமர்ந்தவர். ‘அன்இன்டரப்டட் ரெசிடென்ஸ்’, இடையறாத வதிவிடம். 1946 ஜனவரி 1க்கு முந்திய வதிவிடம், கல்யாணம் ஆனவருக்கு ஏழு வருடம், ஆகாதவருக்குப் பத்து வருடம். ஊருக்குப் போய் வருவதென்றால் ஒரு தடவையில் பன்னிரண்டு மாதத்தைத் தாண்டக்கூடாது. போதிய நிச்சயமான வருமானமோ சட்டப்படியான பிழைப்போ இருக்க வேண்டும். தாய் செத்ததற்கு ஊருக்குப் போனவர், பிள்ளைப்பேறுக்கு மனைவியை அங்கே அனுப்பியவர், இவர்கள் எல்லோரும் ஒரு இங்கிலீஷ் சொல்லுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் இந்தச் சட்டத்தைப் பகிஷ்கரித்து, பிறகு விண்ணப்பிக்கச் சொன்னது. 1951 ஓகஸ்ட் 5ஆம் திகதி விண்ணப்பங்கள் முடிவடைந்தன. எட்டு இலட்சத்துக்கும் அதிகமானவர்களுக்காக விண்ணப்பித்தார்கள். பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

மிஞ்சியவர்களின் கதையை நம் வீடுகளில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1964 ஒக்டோபர் 30 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 1974 ஒப்பந்தம், அப்புறம் இராமேஸ்வரம் கப்பல். 1988, 2003 ஆண்டுச் சட்டங்கள்தாம் இங்கே தங்கியவர்களின் நாடற்ற நிலையைத் தீர்த்தன. 2003ஆம் ஆண்டுச் சட்டம் கேட்டது 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்தாரா, அல்லது அப்படி வசித்தவரின் வாரிசா என்பதை. இதுவும் ஒரு தொடர்தான். ஆனால் லயத்துக் காம்பராவில் இருந்தபடியே பதில் சொல்லக்கூடிய தொடர்.

இனி அன்றாடக் கடிதங்களுக்கு.

‘ஹியர்பை’ என்றால் இந்தக் கடிதத்தினாலேயே என்று பொருள். அந்தக் கடிதமே ஒரு காரியத்தைச் செய்து முடிக்கும்போதுதான் அது வர வேண்டும். வேலையிலிருந்து விலகுகிறேன், என் மகனுக்கு அதிகாரம் கொடுக்கிறேன், உறுதி கூறுகிறேன் போன்ற இடங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று டீச்சருக்கு எழுதும் கடிதத்தில் அதற்கு வேலை இல்லை.

‘டு த பெஸ்ட் ஆஃப் மை நொலெஜ்’ என்பது எனக்குத் தெரிந்த அளவில் என்று வரம்பு போடுவது. நீங்களே கண்ணால் கண்டதற்கு அதைப் போட்டால் நீங்கள் சந்தேகப்படுவதாக ஆகிவிடும். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 181ஆம் பிரிவு, சத்தியக்கடதாசியில் சொந்த அறிவில் உள்ளதைச் சொல்லும்படிதான் பொதுவாகக் கேட்கிறது. கேள்விப்பட்டதை நேரில் கண்டதுபோல எழுதாதீர்கள், நேரில் கண்டதைக் கேள்விப்பட்டதுபோலவும் எழுதாதீர்கள்.

‘வித்தவுட் ப்ரெஜுடிஸ்’ பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். சம்பள பாக்கி கேட்டு எழுதும் கடிதத்தின் தலையில் இதைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள், கடிதத்துக்கு முறுக்கு ஏறும் என்று நினைத்து. சமரசம் பேசும்போது, நான் இதில் சொல்வதைப் பிறகு வழக்கில் எனக்கு எதிராகக் காட்டக்கூடாது என்பதற்குப் போடுவது அது. கோரிக்கைக் கடிதத்தை நாளைக்குத் தொழில் நியாய சபையில் நீங்களே காட்ட வேண்டியிருக்கும். அதன் தலையில் இதைப் போட்டால் உங்கள் வழியை நீங்களே அடைக்கிறீர்கள். அங்கே வேண்டியது நீண்ட வடிவம்: ‘வித்தவுட் ப்ரெஜுடிஸ் டு மை ரைட்ஸ்’. என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் இதை எழுதுகிறேன் என்று ஆகும். இரண்டுக்கும் தூரம் அதிகம்.

‘ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்’. பணிக்கொடை கொடுக்கும்போது வவுச்சரில் இது இருக்கும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு அது உரிமை. நாட்சம்பளக்காரருக்குச் சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கணக்கு ஒத்து வந்தால் கையெழுத்துப் போடலாம். வராவிட்டால், இனி எனக்கு ஒன்றும் வர வேண்டியதில்லை என்று சொல்லும் அந்த வரிக்குக் கீழே சும்மா கையெழுத்துப் போடக்கூடாது. ‘ரிசீவ்ட் அண்டர் ப்ரொடெஸ்ட்’, ஆட்சேபணையோடு பெற்றுக்கொண்டேன் என்று கையால் எழுதி, திகதி போட்டு, ஒரு பிரதியும் வாங்கி, தொழில் திணைக்களத்திலோ சங்கத்திலோ காட்டுங்கள். இடது கைப் பெருவிரல் வைக்கிறவருக்காக நீங்கள் கூடப் போயிருந்தால், இதைக் கேட்டு எழுதி வைக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

பழைய பெட்டிசன்களில் வரும் ‘ஐ பெக் டு ஸ்டேட்’, ‘யுவர் ஹம்பிள் அண்ட் ஒபீடியன்ட் சேர்வன்ட்’ எல்லாவற்றையும் விட்டுவிடலாம். யாரும் கேட்கவில்லை. சேர் அல்லது மேடம் என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’, பெயர் சொல்லித் தொடங்கினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. அவ்வளவு மரியாதை போதும்.

இன்னொன்று. சபரகமுவவில் கந்தோர்கள் சிங்களத்தில் நடப்பதால், தமிழில் எழுதினால் வாசிக்க ஆள் இருக்காது என்று பயந்துதான் இங்கிலீஷுக்கு ஓடுகிறோம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, நிர்வாக மொழி சிங்களமாக உள்ள பகுதியிலும் அரசாங்கத்தோடு தமிழிலோ இங்கிலீஷிலோ தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை தருகிறது. சத்தியக்கடதாசியையும் தமிழில் எழுதலாம். விளங்காத இங்கிலீஷில் கையெழுத்துப் போடுவதைவிட, விளங்கும் தமிழில் எழுதிவிட்டு, வாசிக்க ஆள் இல்லை என்றால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடுவது மேல். அந்த ஆணைக்குழு 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. இருக்கிறதைப் பயன்படுத்துவோம்.

இதை வாசிப்பவர்களில் சமாதான நீதவான்கள் சிலர் இருக்கிறீர்கள் என்று தெரியும். உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடியில் உள்ள ‘ரெட் ஓவர் அண்ட் எக்ஸ்ப்ளெய்ன்ட்’ என்ற வாசகத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போடும் முன், முன்னால் நிற்கும் அம்மாவுக்கு ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லுங்கள், விளங்கியதா என்று அவர் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். கடிதம் எழுதிக் கொடுக்கும் தம்பி தங்கச்சிகளே, நீதவான் அதைச் செய்யாமல் முத்திரையை எடுத்தால், “ஐயா, ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க” என்று நீங்கள் கேளுங்கள். அப்படிக் கேட்பதற்கான உரிமையை அந்த வாசகமே உங்களுக்குக் கொடுக்கிறது.